மூன்றாம் தொட்டிக்கு வந்த மாப்பிள்ளை

அத்தியாயம் 7

மூன்றே வார்த்தை. 'அடையாளம் தெரியாத பொருள்.' கேப்டன் ராங்கெல் தன் கையாலேயே அறிக்கையில் எழுதிய வார்த்தைகள். ஐந்து நாளாக அவை அவரைத் தூங்கவிடவில்லை.

யாவோர்னா மலைக்கிராமத்தின் மீன் பண்ணையில், மூன்றாம் தொட்டியிலிருந்த எண்பதாயிரம் ட்ரவுட் முட்டைகளும் பஞ்சு பூத்துச் செத்துப்போயின. பண்ணை டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு மிலிஷியா போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டார். கேப்டன் போனார், பார்த்தார், ஒரே மதியத்தில் வாசல் காவலாளி கான்சோவைப் பிடித்து உள்ளே வைத்தார். மகள் கல்யாணத்துக்காக இரண்டு மீனைத் தூக்கினான் என்று டைரக்டர் அதற்கு முந்தின வாரம்தான் அவனைத் திட்டியிருந்தார். அந்தக் கோபத்தில் தொட்டியில் எதையோ கலந்துவிட்டான் என்று கேப்டன் முடிவு கட்டினார். எதைக் கலந்தான் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த மூன்று வார்த்தை.

இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு மாவட்டத் தலைநகரிலிருந்து வேன் வருகிறது. அரசுச் சொத்தை நாசம் செய்த வழக்கு. கான்சோ அதில் ஏறிவிட்டால் பத்து வருஷத்துக்கு இறங்க முடியாது.

இப்போது மணி ஒன்பதரை. ஜீப் பனிச்சேற்றில் முக்கி முனகி மலை ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் சார்ஜென்ட் மிங்கோ. கேப்டனைவிடப் பத்து வயசு மூத்தவர், வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டத் தெரியாதவர்.

"அந்த டாக்டரம்மா போன்ல என்னதான் சொன்னாங்க, தோழர் கேப்டன்?"

"கான்சோ குத்தவாளி இல்லையாம். மைக்ராஸ்கோப்புல காட்டுறேன், வாங்கன்னாங்க."

"நம்ம கண்ணால பார்த்தே கோட்டை விட்டோம். இனி அதுல பார்த்துக் கண்டுபிடிக்கப் போறோமாக்கும்."

'நம்ம' என்று மிங்கோ சொன்னது பெருந்தன்மை. கோட்டை விட்டது அவர் ஒருவர்தான்.

பண்ணை வாசலில் தரையோடு தரையாக ஒரு தகரத் தட்டு. அதில் சுண்ணாம்புக் கரைசல். உள்ளே போகிற எவரும் அதில் மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும், வண்டிச் சக்கரத்துக்கும் அதே மரியாதை. வெளியூர் நோய் எதுவும் காலோடு ஒட்டிக்கொண்டு முட்டைகளிடம் போய்விடக்கூடாதே. கான்சோ இருந்தவரை தினம் இரண்டு வேளை கரைசலை மாற்றுவான். இப்போது தட்டில் பனிக்கட்டி படர்ந்து கிடந்தது. மிங்கோ அதன்மேல் ஏறிச் சறுக்கி, கேப்டனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

டாக்டர் தெமெனுகா பண்ணையின் உயிரியல் நிபுணர். ஒல்லியான, கறாரான பெண்மணி. முட்டை கெட்டுப்போனதற்கு அவரையும் ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். கேப்டன் அதையும் செய்யவில்லை. அந்த அம்மாளும் மறக்கவில்லை போலிருக்கிறது. உட்காரச் சொல்லாமல் நேராக மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

கேப்டன் குனிந்து பார்த்தார். கண்ணாடிக் குழாய் மாதிரி நீள நீளமான நூல்கள். தடுப்பே இல்லாத ஒரே குழாய், உள்ளே துகள் துகளாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணிப் பூஞ்சை. இந்த ஊத்துலயே இருக்கறதுதான். செத்த முட்டை ஒண்ணு கிடைச்சா அதுல உட்காரும். உட்கார்ந்து, பக்கத்துல இருக்கற உயிருள்ள முட்டையையும் இழுத்துக்கும்."

நூலின் நுனியில் தடித்த பை ஒன்று தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தபோதே பையின் வாய் திறந்து, உள்ளிருந்த மணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வாசலிலேயே பந்தாகக் கூடி நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அப்புறம் தண்ணீரில் நீந்திக் கலைந்து போகும் என்றார் டாக்டர். அந்த ஒவ்வொரு மணியும் ஒரு புதுப் பூஞ்சை. ஆண் வேண்டாம், பெண் வேண்டாம், தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் வழி அது.

"கல்யாணச் செலவு மிச்சம்," என்றார் மிங்கோ.

"கல்யாணமும் உண்டு, சார்ஜென்ட். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்."

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வேறொரு கண்ணாடித் தகட்டை மாட்டினார். இதில் நூல்களின் ஓரத்தில் உருண்டை உருண்டையாகப் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஐந்தாறு கெட்டியான சின்ன முட்டைகள். மெல்லிய கிளைகள் வளைந்து வந்து அந்தப் பைகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தன. உருண்டைப் பை பெண், சுற்றிய கிளை ஆண் என்றார் டாக்டர். இரண்டும் ஒரே பூஞ்சையில் முளைப்பதில்லை. இந்த வகையில் ஆண் பூஞ்சை தனி, பெண் பூஞ்சை தனி. இரண்டும் சந்தித்தால் ஒழிய இந்த உருண்டைகள் உருவாகவே முடியாது.

அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துப் போட்டார். ஆறு வருஷம், வாரம் தவறாமல் பண்ணைத் தண்ணீரில் வளர்கிற பூஞ்சையைப் பார்த்து வரைந்த படங்கள். கேப்டன் புரட்டினார். நூல், பை, நூல், பை. உருண்டை ஒன்றுகூட இல்லை.

"எங்க ஊத்துல இருக்கறது எல்லாம் பொண்ணு," என்றார் டாக்டர். "ஆறு வருஷமா முதிர்கன்னிங்க. யாரையும் பெரிசா தொந்தரவு பண்ணினதும் இல்லை. போன வாரம் மூணாம் தொட்டியில முதல் தடவையா முட்டை உருண்டையைப் பார்த்தேன்."

மிங்கோ தொப்பியைக் கழற்றினார். "அப்போ மாப்பிள்ளை வெளியூர்."

"வெளியூரேதான். வந்தவன் மூர்க்கன். எண்பதாயிரம் முட்டையையும் மேய்ஞ்சது அவன்தான். கலந்தது விஷம் இல்லை, கேப்டன். விஷமா இருந்தா பூஞ்சையும்ல செத்திருக்கும்."

ஐந்து நாளைக்கு முன்னால் இதே அறைக் கதவைத் தட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லையே. ஒரு மனுஷன் ஐந்து நாளாகக் குளிரில் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மாப்பிள்ளை எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். டாக்டர் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார். மாப்பிள்ளை பார்க்கிற படலத்தை அவர் ஏற்கெனவே நடத்தி முடித்திருந்தார். சந்தேகப்பட்ட தண்ணீர் ஏழு: மீன் லாரியின் தொட்டி, மாவு மில் ஓடை, வலைகளைக் கழுவிய தண்ணீர், டைரக்டர் வீட்டுக் குளம், இப்படி. ஒவ்வொன்றிலும் வேகவைத்த சணல் விதையைப் பாதியாகப் பிளந்து போட்டால் பூஞ்சை அதில் வந்து வளரும். அப்படி வளர்ந்ததை ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் பண்ணைப் பெண் பூஞ்சையை வைத்தார். பெண் தண்ணீரில் ஏதோ ஒன்றைக் கசிய விடுவாள். ஆணாக இருந்தால் அந்த வாசனைக்கு அவன் உடம்பிலிருந்து கிளை கிளையாகக் கை முளைத்து அவள் பக்கம் நீளும். கை முளைக்காவிட்டால் அவன் மாப்பிள்ளை இல்லை.

"ஆறு தட்டுல ஒண்ணும் நடக்கலை," என்றார் டாக்டர். "ஏழாவதைப் பாருங்க."

கேப்டன் பார்த்தார். ஒரு பக்கத்து நூல்கள் முழுக்க மெல்லிய கைகள் முளைத்து, ஒரே திசையில் வளைந்து ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் உருண்டைகள் காத்திருந்தன.

"எந்தத் தண்ணி இது?"

"கீழே தோல்னா ஆறு. கோயில் படித்துறைக்கு நேர் கீழே எடுத்தது."

தோல்னா கேப்டனின் சொந்த ஊர். அவர் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. காலையில் தின்ற பனிட்சாப் பலகாரத்தின் எண்ணெய்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மிங்கோ உற்சாகமாகிவிட்டார். தோல்னா பதினெட்டு கிலோமீட்டர் கீழே. தண்ணீர் மலை ஏறாது. மீனும் நடந்து வராது. அப்படியென்றால் யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் வந்தார்கள் என்று சொல்ல ஒரே ஆள்தான் உண்டு, அவனைத்தான் உள்ளே வைத்திருக்கிறோம். ஆனால் அவன் எழுதி வைத்த வாசல் நோட்டு வெளியேதான் இருக்கிறது.

அந்த நோட்டு வாசல் அறையின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கான்சோவின் கையெழுத்து கோணல், ஆனால் விவரத்தில் ஒரு குறையும் கிடையாது. வந்த நேரம், போன நேரம், சுண்ணாம்பில் மிதித்தாரா இல்லையா. கேப்டன் இந்த நோட்டையும் அன்றைக்குத் திறந்து பார்க்கவில்லை. ஆணியில் தொங்குவதைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

பூஞ்சை இந்தக் குளிரில் தொட்டி முழுக்கப் பரவ பத்து, பதினோரு நாள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டைகள் வெளுத்தது ஜனவரி பதினேழு. மிங்கோ நோட்டைப் பிரித்து, விரலால் தேதிகளைத் தடவிக்கொண்டே போனார். ஜனவரி இரண்டாம் தேதி பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது. லாரி வரவில்லை. பஸ் வரவில்லை. பன்னிரண்டாம் தேதிவரை பக்கம் காலி, ஒரே ஒரு வரியைத் தவிர.

"இதோ, ஆறாம் தேதி. மாட்டினான் பாருங்க," என்று மிங்கோ வாசிக்க ஆரம்பித்தார். "'காலை பதினொன்று பத்து. மிலிஷியா ஜீப், சக்கரத்தில் சங்கிலி கட்டியது. ஒருவர். சுண்ணாம்பில் மிதிக்கவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.'"

வாசித்து முடித்த பிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்று மிங்கோவுக்கு உறைத்தது. ஆறாம் தேதி அவருக்கு லீவு. நிலையத்தில் இருப்பது ஒரே ஜீப். அவர் நோட்டை மெதுவாக மூடினார்.

ஆறாம் தேதி யோர்தான் நாள். பாதிரியார் சிலுவையை ஆற்றில் போட்டுத் தண்ணீரை ஆசீர்வதிக்கிற நாள். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கேப்டனும் போகவில்லை. ஆனால் அம்மா போனாள். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து, மகன் ஜீப்பில் ஏறும்போது மடியில் வைத்தாள். மலையில் இருக்கிற தங்கை ஸ்தான்காவுக்கு யோர்தான் தண்ணீர் இல்லாமல் ஒரு வருஷமும் போனதில்லை, பஸ் வேறு ஓடவில்லை, நீ கொண்டுபோய்க் கொடுடா என்றாள். கேப்டன் அதைச் செய்தித்தாளில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். யாராவது கேட்டால் ரக்கியா சாராயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். யாரும் கேட்கவில்லை. மிலிஷியா ஜீப்பை யார் கேட்பார்கள்? சித்தி ஸ்தான்கா இந்தப் பண்ணையில்தான் வேலை பார்க்கிறாள். அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியிலேயே அதை மறந்தும் போனார்.

"மிங்கோ அண்ணே, செத்த முட்டை பொறுக்குற பொம்பளைங்க ஆளுக்கு ஒரு தொட்டிதானே பார்க்கறாங்க?"

"ஆமா."

"மூணாம் தொட்டி யாரோடது?"

"உங்க சித்தியோடது," என்றார் மிங்கோ.

சித்தி ஸ்தான்கா காலியான மூன்றாம் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாகக் கழுவுகிறாளாம், போதும் என்றாலும் விடவில்லையாம். அக்கா மகனைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெலிஞ்சு போயிட்டியேடா என்றாள். கேப்டன் பாட்டிலைப் பற்றிக் கேட்டார். அவள் ஒளிக்கவே இல்லை.

"வீட்டுல கொஞ்சம் தெளிச்சேன். மிச்சத்தை இங்க ஊத்தினேன். போன வருஷம் என் தொட்டியிலதான் குஞ்சு கம்மி. இந்த வருஷமும் கம்மியானா வீட்டுக்குப் போயிடுன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. ஏதாவது நல்லது நடக்கட்டுமேன்னு ஊத்தினேன்டா."

பிறகு கேப்டனின் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் தெமெனுகா கதவருகே நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கே புரிந்துவிட்டது.

"ஆசீர்வாதம் பண்ணின தண்ணிடா அது," என்றாள். "அதுல எப்படிடா?"

பதில் சொன்னது டாக்டர்தான். அந்த அம்மாளுக்கு இப்படியும் பேச வருமா என்று கேப்டனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீரை ஆசீர்வதிக்கும்போது அதில் வாழ்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆசீர்வதிக்கிறார்கள், பூஞ்சை அதற்கு விலக்கில்லை, உங்கள் கையில் ஒரு பாவமும் இல்லை என்றார். சித்தி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செத்த முட்டைகளைக் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தது அவள்தான். எடுக்கும்போதெல்லாம் கான்சோவைச் சபித்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கான்சோ வீட்டுக்காரி வழியில் எதிர்ப்பட்டபோது இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளாம்.

"என்னைக் கூட்டிட்டுப் போ," என்றாள் கடைசியில். "அவனை விட்டுட்டு என்னை உள்ள வை."

"நீங்க இங்கயே இருங்க, சித்தி. யாரை உள்ள வைக்கணும்னு நான் பார்த்துக்கறேன்."

ஜீப் மலை இறங்க ஆரம்பித்துப் பத்து கிலோமீட்டர் ஆகியிருந்தது. மிங்கோ ஒரு யோசனை சொன்னார். நோட்டில் ஒரு பக்கம்தானே. காகிதம் கிழியும். லாரி வந்ததாக இன்னொரு தேதியில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். கான்சோவும் வெளியே வந்துவிடுவான், சித்தியும் தப்பிப்பாள், கேப்டனின் தோளில் இருக்கிற நட்சத்திரமும் தப்பிக்கும்.

"லாரி டிரைவருக்கு என்ன கதி?"

"அவனை எனக்குப் பிடிக்காது," என்றார் மிங்கோ. சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுக் கியரை மாற்றினார்.

நிலையத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கேப்டன் கதவைச் சாத்திக்கொண்டு புது அறிக்கை எழுதினார். விஷம் இல்லை, நாசவேலை இல்லை. தோல்னா ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிப்பு விதியை மீறிப் பண்ணைக்குள் கொண்டு வந்தது கேப்டன் ராங்கெல். தண்ணீர் எதற்கு, யாருக்கு என்று எழுதவில்லை. 'என் சொந்த உபயோகத்துக்கு' என்று போட்டார். அது ஒன்றுதான் பொய். அதற்காகத் தன்னை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை என்று நினைத்தார். விசாரணையைச் சரியாகச் செய்யாமல் அறிக்கை கொடுத்ததும் தானே என்று இன்னொரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டார். மாவட்டத்துக்குப் போன் செய்து வேனைத் திருப்பச் சொன்னார். ஏன் என்று எதிர்முனை கத்தியது. காகிதம் வருகிறது, படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு அவரே அறைக்குப் போனார்.

கான்சோ பலகைக் கட்டிலில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயசு. ஐந்து நாள் தாடி முழுக்க வெள்ளை. கேப்டன் அறிக்கையை நீட்டினார். கான்சோ அதை வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய, வரி வரியாகப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாட்டில் விஷயம் எனக்குத் தெரியுமே," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க ஸ்தான்கா கையில கொடுத்தது. அவ தொட்டியில ஊத்தினது. ஜன்னல் வழியா பார்த்தேன். நல்ல நாளாச்சேன்னு நானும் சிலுவை போட்டுக்கிட்டேன்."

கேப்டன் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். "அப்போ ஏன் வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"யாருகிட்ட சொல்றது? விசாரிக்க வந்தவரே நீங்கதானே," என்றார் கான்சோ பொறுமையாக. "உங்க சித்தியைக் காப்பாத்தத்தான் என்னைப் பிடிக்கறீங்கன்னு நினைச்சேன். மொத நாள் கோபமா இருந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். சித்தின்னா சித்திதானே. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அதுக்கப்புறம் கோபம் இல்லை."

"நான் அப்படிச் செய்யலை, கான்சோ. சத்தியமா எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

கான்சோ அவரையே பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. கொஞ்ச நேரத்தில் நம்பிவிட்டார். நம்பியதும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"அப்போ எதுக்கு என்னைப் பிடிச்சீங்க?"

சொல்ல எத்தனையோ பதில் இருந்தது. சாட்சியம், சந்தர்ப்பம், டைரக்டர் கொடுத்த புகார். கேப்டனின் வாயில் அவை எதுவும் வரவில்லை.

"அன்னைக்குப் பதினெட்டாம் தேதி. நம்ம மேலதிகாரி கர்னல் அதனாஸோட பெயர்நாள். ஆறு மணிக்கு அவர் வீட்டுல விருந்து. அதுக்குள்ள முடிச்சுட்டுப் போகணும்னு பார்த்தேன்."

கான்சோ தலையை ஆட்டினார். எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். தொப்பியைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். திறந்திருந்த கதவுவரை போய் நின்று திரும்பினார்.

"விருந்து நல்லா இருந்ததா?" என்று கேட்டார். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"நல்லா இருந்தது," என்றார் கேப்டன்.